எட்டும் ஒட்டெயும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், தளவாய்புரத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. நான் இன்று ஒரு கடனைத் தீர்க்க வந்திருக்கிறேன். அக்கடன் பத்தாண்டுப் பழைமையுடையது.

இவ்வட்டம் தொடங்கிய ஆண்டில், 'உலக மொழிகளில் தமிழ்' என்னும் பொருளில் என்னை இங்கே பேசப் பணித்தீர்கள். அப்போது முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்திருந்த புதிது. ஒன்று என்பதிலிருந்து 'ஒன்' பிறந்தது. எட்டு என்பதிலிருந்து 'எய்ட்' பிறந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் முடியும் நேரத்தில் மூன்றாம் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். ஆயத்த ஆடைக் கூடம் ஒன்றில் துணி வெட்டுபவர். ''டீச்சரம்மா, எட்டு எய்ட்டாப் போச்சு, சரி. அப்போ எண்பதுல எட்டு எங்கம்மா இருக்கு? எண்ணூறுலயும் காணோமே?'' என்று கேட்டார். நாள்தோறும் துண்டுகளை எண்ணிக் கட்டுக் கட்டுபவர்க்கு எழ வேண்டிய ஐயம்தான் அது. நானோ, ''அது புணர்ச்சி விகாரம் ஐயா'' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். ''சரிங்கம்மா'' என்று அமர்ந்துவிட்டார். அவர் அமர்ந்தாரேயன்றி, அவ்வினா என்னுள் அமரவில்லை. அதற்கு விடை எனக்குக் கிடைத்தது, நம் கடற்கரை ஒன்றில் செவியில் விழுந்த டேனிய மொழிச் சொல் ஒன்றினால். அச்சொல்லின் வரலாற்றைச் சொல்வதே இன்றைய என் உரை.

தரங்கம்பாடியில் கேட்ட சொல்

மூன்றாண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவியரைக் கல்விச் சுற்றுலாவாகத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவ்வூரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1620ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர்க்கும் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானின் சார்பில் வந்த கடற்படைத் தலைவர் ஓவே கெட்டே என்பவர்க்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஓலை வடிவில் செய்த பொன் ஏட்டில் தமிழில் பொறித்து, நாயக்க மன்னர் தெலுங்கில் ஒப்பமிட்டு அனுப்பிய மடல் இன்றும் கோபன்கேகன் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அன்று தொடங்கிய டேனியர் ஆட்சி, 1845இல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்கும்வரை 225 ஆண்டுகள் நீடித்தது. டேனிய மன்னர் அனுப்பிய செருமானியர் சீகன்பால்கு 1706இல் அங்கே வந்திறங்கி, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்தைப் பயின்றதும், அவர் முயற்சியால் 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் நம் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள்.

டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு வெளியே, கடற்கரையில் சங்கு விற்கும் பெண்ணிடம் முதிய டேனிய மாது ஒருவர் சிறு சங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தம் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாவது சங்கை வைத்தபோது அவர் வாயிலிருந்து வந்த சொல், எழுத்துப்படி கூறினால், 'ஒட்டெ'. என் மாணவி ஒருத்தி துள்ளிக் குதித்தாள். ''அம்மா! அவங்களும் எட்டுன்னுதான் சொல்றாங்க! இங்க இருந்துதான் எடுத்துட்டுப் போயிருக்காங்க!'' என்றாள். மற்ற மாணவியர் கைதட்டினர்.

பத்தாண்டுகளுக்கு முன் இம்மேடையில் நான் கேட்ட கைதட்டலே அது. நான் விதைத்தது என் கண்முன்னே முளைத்து நின்றது. 'எண்பதில் எட்டு எங்கே' என்ற பெரியவரின் குரலும் உடன் கேட்டது. அன்றிரவு விடுதியில் அம்மாணவியை அருகிருத்தி ஒரு தாளில் இரண்டு சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றின் முன்னோரையும் தேடத் தொடங்கினோம்.

ஒட்டெயின் முன்னோர்

முதலில் டேனியச் சொல்லை எடுத்துக்கொள்வோம். டேனிய மொழி, நார்வே, சுவீடன், ஐசுலாந்து ஆகிய நாட்டு மொழிகளோடு ஒருதாய் வயிற்றது. அத்தாய்க்குப் பழைய நோர்சு மொழி என்று பெயர். அதில் எட்டைக் குறிக்கும் சொல் 'ஆட்டா'. அதற்கும் முற்பட்ட நிலையைக் காட்டுவது, நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தை மொழிபெயர்த்து வைத்த கோத்திய மொழி. அதில் அச்சொல் 'அஹ்டௌ'. செருமானியத்தில் இன்றும் 'அஹ்ட்'. பழைய ஆங்கிலத்தில் 'எஅஹ்டா'. இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்கப்படாமல் நிற்கும் இரண்டு எழுத்துகள் அந்த ஹகரத்தின் கல்லறைக் கல்லேயாகும்.

ஆக, 'ஒட்டெ'யின் நடுவிலுள்ள 'ட்ட' பிறவியில் 'ட்ட' அன்று. 'ஹ்ட்' என்பது நோர்சு மொழியில் திரிந்து 'ட்ட' ஆயிற்று. இஃது இந்த ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்த தற்செயலா எனில், இல்லை. மகளைச் செருமானியர் 'தோஹ்டர்' என்பர். டேனியர் 'தட்டர்' என்பர். இரவைச் செருமானியர் 'நஹ்ட்' என்பர்; டேனியர் 'நட்' என்பர். செருமானியத்தில் 'ஹ்ட்' நிற்குமிடத்தில் டேனியத்தில் டகரம் நிற்கிறது. ஒரு சொல்லில் நிகழ்வது வியப்பு. எல்லாச் சொல்லிலும் நிகழ்வது விதி.

இன்னும் ஒருபடி மேலே செல்வோம். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் எட்டு 'ஒக்டோ'. செருமானிய இனத்தில் ஹகரம் நிற்குமிடத்தில் இவற்றில் ககரம் நிற்கிறது. நூற்றை இலத்தீன் 'கெண்டும்' என்னும். டேனியம் 'ஹுண்ட்ரெடெ' என்னும். கொம்பை இலத்தீன் 'கோர்னு' என்னும். டேனியம் 'ஹோர்ன்' என்னும். இவ்வாறு பழைய ககரம் செருமானிய இனமொழிகளில் ஹகரமாயிற்று என்னும் விதியை 1818இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டியவர் இராசுமுசு இராசுக்கு (1787–1832) என்னும் டேனிய அறிஞரே. 1822இல் செருமானியரான யாக்கோபு கிரிம் அதனை விரிவாக்கியதால், அவ்விதி கிரிம் பெயராலேயே வழங்குகிறது. இராசுக்கு நம் பக்கத்திற்கும் வந்தவர். 1820இல் பம்பாயை அடைந்து, பின் இலங்கை சென்று, 1821இல் கொழும்பில் சிங்கள எழுத்துமுறை பற்றித் தம் தாய்மொழியில் ஒரு நூலை அச்சிட்டார். பாலி ஏடுகளைத் திரட்டிக்கொண்டு 1823இல் தாயகம் திரும்பினார்.

இந்தியப் பக்கம் வந்தால், வடமொழியில் 'அஷ்ட' அல்லது 'அஷ்டௌ', பாரசீகத்தில் 'ஹஷ்ட்', பாலியில் 'அட்ட', இந்தியில் 'ஆட்'. இலத்தீனில் ககரமாக நிற்கும் மூல ஒலி இங்கே ஷகரமாயிற்று. இவையனைத்தையும் ஒப்பிட்டு, இவற்றுக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் எட்டைக் குறித்த சொல் ஏறத்தாழ 'ஒக்டோ' என்றே இருந்திருக்க வேண்டும் என அறிஞர் நிறுவினர்.

இவ்விடத்தில் நம்மூர்த் தாய்மார்களுக்கு ஒரு சொல். இங்குள்ள தையற்கூடங்களில் நாள்தோறும் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஆடைக்கு நாம் வழங்கும் பெயர் நைட்டி. அது இரவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. அந்த இரவுச் சொல்லையும் எட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நைட், எய்ட். செருமானியத்தில் நஹ்ட், அஹ்ட். டேனியத்தில் நட், ஒட்டெ. இலத்தீனில் நொக்ட், ஒக்டோ. இத்தாலியத்தில் நொட்டே, ஒட்டோ. எசுப்பானியத்தில் நோச்சே, ஓச்சோ. ஒரே பாவில் நெய்த இரண்டு துணிகள்போல எங்கு கிழிந்தாலும் இரண்டும் சேர்ந்தே கிழிந்திருக்கின்றன. வடமொழியில் மட்டும் இரவு 'நக்தம்' எனக் ககரத்தோடும், எட்டு 'அஷ்ட' என ஷகரத்தோடும் நிற்கும். மூலமொழியில் ககரம் ஒருவகை மட்டும் இல்லாததே அதற்குக் காரணம். அவ்வேறுபாட்டை ஐரோப்பிய மேலை மொழிகள் இங்கே மறந்தன, வடமொழி காத்தது. விதிவிலக்கு எனத் தோன்றுவதற்கும் ஒரு விதி இருத்தலே இத்துறையின் அழகு.

எட்டின் முன்னோர்

இனி நம் சொல்லுக்கு வருவோம். எட்டு என்பதன் உறவினரைத் தேட வேண்டிய இடம் தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளுமே. மலையாளத்தில் எட்டு, கன்னடத்தில் எண்டு, துளுவில் எண்ம, தெலுங்கில் எனிமிதி. நம்மிடையே வாழும் தெலுங்கு பேசும் அன்பர்கள், தாம் வீட்டில் எண்ணும்போது டகரமே இன்றி எட்டைச் சொல்வதை அறிவார்கள். தமிழுக்குள்ளேயே நோக்கினால் எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம், எண்மர், எண்குணம், எண்டிசை. இவற்றில் எங்கும் எட்டு இல்லை, எண் இருக்கிறது.

எட்டு என்னும் சொல், பிற சொல்லோடு புணரும்போது அதன் ஒற்று ணகரமாகும் என்று தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதித்தார். நன்னூலாரும் அதனை வழிமொழிந்தார். நான் அன்று 'புணர்ச்சி விகாரம்' என்று கூறியது இதனை நினைந்தே. வழக்கிலுள்ள சொல்லைக் கொண்டு பிற வடிவங்களை விளக்குவது இலக்கணத்தின் முறை; அது குற்றமன்று. ஆனால் வரலாறு கேட்கும் வினா வேறு. எது முந்தியது என்று அது கேட்கும். உடன்பிறந்த மொழிகள் எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைத்தால், எண் என்பதே வேர். எட்டு என்பது அதிலிருந்து கிளைத்த வடிவம் என்பது தெளிவாகும். மெல்லினம் வல்லினத்தோடு மாறி நிற்பது தமிழுக்குப் புதிதன்று. ஒன்று என்பதற்கு ஒற்றையும், இரண்டு என்பதற்கு இரட்டையும் இருப்பதை நோக்குக. கன்னடத்தார் 'எண்டு' என மெல்லினத்தைக் காத்துக்கொண்டனர். நாம் 'எட்டு' என வல்லினமாக்கினோம்.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். எண் என்று தொடங்குவன எல்லாம் எட்டன்று. எண்ணெய் என்பது எட்டு நெய் ஆகாது. எள்ளின் நெய்யே எண்ணெய். ஒலியை மட்டும் நம்பினால் நம் வீட்டுச் சமையலறையிலேயே வழி தவறிவிடுவோம்.

ஆக, பெரியவர் கேட்ட வினாவே சரியான வினா. எண்பதில் எட்டு இல்லாமைக்குக் காரணம், எட்டு பிற்பட்டதாகவும் எண் முற்பட்டதாகவும் இருத்தல். அவ்வொரு வினாவைப் பின்தொடர்ந்து சென்றிருந்தால் அன்றே நான் உண்மையை அடைந்திருப்பேன்.

நெருங்குவதும் விலகுவதும்

இப்போது இரு சொற்களையும் எதிரெதிர் நிறுத்துவோம். இன்று ஒட்டெ, எட்டு, மிக நெருக்கம். ஆயிரம் ஆண்டு பின்சென்றால் ஒன்று ஆட்டா, மற்றொன்று எட்டு. இன்னும் பின்சென்றால் ஒன்று அஹ்டௌ. மேலும் பின்சென்றால் ஒக்டோ. இந்தப் பக்கம் எண்டு. அதற்கும் பின்னே எண். ஒக்டோவுக்கும் எண்ணுக்கும் பொதுவாக ஓர் ஒலியும் இல்லை. 'ஒட்டெ'யின் 'ட்ட' ககரத்தின் வழி வந்தது. 'எட்டு' என்பதன் 'ட்ட' ணகரத்தின் வழி வந்தது. ஆடிப்பெருக்கில் இருவேறு மலையிலிருந்து வந்த இரண்டு கட்டைகள் ஒரே கரையில் ஒதுங்கியதைப் போன்றதே இவ்வொற்றுமை.

இதிலிருந்து ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது. உறவுடைய சொற்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்கும். உறவில்லாச் சொற்கள் பின்னோக்கிச் செல்லச் செல்ல விலகும். முகச்சாயலை வைத்து உறவு பேசக்கூடாது. தாத்தன் பாட்டன் பெயர் கேட்டுத்தான் பேச வேண்டும். பெண் கொடுக்கும்போது நாம் செய்வதும் அதுதானே!

சாயலே இல்லாதபோதும் உறவு இருக்கலாம் என்பதற்கும் டேனிய மொழியே சான்று தருகிறது. வண்டிச் சக்கரத்தை டேனியர் 'ஹ்யூல்' என எழுதி, முதல் ஒலியை விழுங்கி 'யூல்' என்பர். வடமொழிச் சக்கரத்திற்கும் இந்த யூலுக்கும் ஓர் எழுத்தும் பொருந்தாது. ஆயினும் கிரேக்கக் 'குக்ளோசு', ஆங்கில 'வீல்', டேனிய 'ஹ்யூல்', வடமொழிச் 'சக்ர' ஆகிய யாவும் ஒரே மூலச் சொல்லின் வழித்தோன்றல்கள். தொடக்கக் ககரம் செருமானிய இனத்தில் ஹகரமாதல் என நாம் மேலே கண்ட விதியே இங்கும் இயங்குகிறது. ஒத்திருக்கும் எட்டும் ஒட்டெயும் அயலார். ஒவ்வாதிருக்கும் சக்கரமும் யூலும் உடன்பிறப்பு. கண்ணும் காதும் சொல்வதைக் கருத்து சோதிக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

அதே தராசு

'இருக்கட்டும் அம்மா, தமிழுக்குப் பெருமை சேர்க்கும் ஒரு செய்தியைப் பொய்யென்று நிறுவுவதால் யாருக்கு என்ன நன்மை?' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இவ்வினாவே என்னை இங்கு வரச்செய்தது.

200 ஆண்டுகளுக்கு முன், தமிழும் தெலுங்கும் பிற தென்மொழிகளும் வடமொழியின் வழிவந்தவை என்றே கற்றோர் பலர் கருதினர். சொற்களில் சாயலைக் காட்டினர். 'அட்டமி' இருக்கிறது, 'அட்டதிக்கு' இருக்கிறது, 'அட்ட' என்பதற்கும் 'எட்டு' என்பதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று ஒருவர் கேட்டால் மறுப்பது எளிதன்று. பாலிமொழியின் 'அட்ட', டேனிய 'ஒட்டெ'யினும் நமக்கு நெருக்கமானது. அதை வைத்து, தமிழ் எட்டும் வடக்கிலிருந்து வந்ததே எனச் சொல்லிவிட முடியும்.

அவ்வாறு சொல்ல இயலாதபடி செய்தது எது? சாயலை ஒதுக்கி வேரைக் கேட்ட முறைதான். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிசு, 1816இல் வெளிவந்த காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில், வேர்ச்சொற்களை ஒப்பிட்டுத் தென்மொழிகள் தனிக்குடும்பம் எனக் காட்டினார். நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எண்ணுப்பெயர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அதனை நிலைநாட்டினார். அட்டதிக்கு இரவலாக வந்தது. எண்டிசை நம் வீட்டில் பிறந்தது என்று இன்று நாம் பிரித்துச் சொல்ல முடிவது அவர்கள் பிடித்த தராசினால்.

தமிழ் எவர்க்கும் மகளன்று எனத் தீர்ப்பளித்த அதே தராசு, ஒட்டெக்கும் எய்ட்டுக்கும் தமிழ் தாயன்று எனவும் தீர்ப்பளிக்கிறது. முதல் தீர்ப்பை மாலையிட்டு ஏற்றுக்கொண்டு இரண்டாம் தீர்ப்பைக் கிழித்தெறிதல் அறமாகாது. அறத்தை விட்டுவிட்டு நலத்தை மட்டும் நோக்கினும், அது கேடே. 'சாயல் போதும்' என்று நாம் ஒருமுறை ஒப்பினால், எதிர்வழக்காடுபவரும் அதே சாயலைக் கொண்டு நம் எட்டை 'அட்ட'வின் மகவாக்கிவிடுவார். தராசின் முள்ளை நமக்குச் சாதகமாக வளைத்தால், வளைந்த முள் நாளை பிறர்க்கும் அப்படியே நிற்கும்.

தமிழ் உண்மையிலேயே உலகுக்கு வழங்கிய சொற்கள் உண்டு. டேனிய அகராதியைப் புரட்டினால் 'கதமரான்' இருக்கிறது. அது நம் கட்டுமரம். 'கரி' இருக்கிறது, அது நம் கறி. 'மாங்கோ' இருக்கிறது, அது மாங்காய், போர்த்துக்கீசியர் நாவழியே சென்றது. இச்சொற்களுக்குக் கப்பல் உண்டு, துறைமுகம் உண்டு, சரக்கு உண்டு; பொருளோடு சொல் பயணம் செய்ததற்குச் சான்று உண்டு. எண்ணுப்பெயரோ அவ்வாறு எளிதில் இரவல் போவதன்று. தரங்கம்பாடியின் சுங்கச் சாவடியில் 225 ஆண்டுகள் எட்டும் ஒட்டெயும் ஒரே மூட்டைகளை எண்ணின. தமிழர் ஒட்டெயை வாங்கவில்லை. டேனியர் எட்டை வாங்கவில்லை. ஒட்டெ என்னும் சொல்லோ, அவர்கள் கப்பல் நம் கரையைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் மொழியில் இருந்தது.

விரல்களின் உறவு

சொல்லில் உறவில்லை என்று கூறியதோடு என் தேடல் முடிந்திருந்தால் வெறுங்கையோடு வந்திருப்பேன். வேறொன்றும் அதில் கிடைத்தது.

வடமொழியின் 'அஷ்டௌ' என்னும் வடிவம் இருமை எண்ணின் ஈற்றைக் கொண்டது. இரண்டு மைந்தரைப் 'புத்ரௌ' என்பது போல. அப்படியாயின் எட்டு என்பது எதன் இரண்டு? பழைய ஈரானிய மொழியாகிய அவெத்தாவில் 'அஷ்டி' என்னும் சொல் நான்கு விரல் அகலத்தைக் குறிக்கும். ஆகவே இரு கைகளின் நந்நான்கு விரல்களே இந்தோ-ஐரோப்பிய எட்டு ஆகலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. அடுத்த எண்ணாகிய 'நவ' என்பது ஒன்பதையும் புதியதையும் ஒருங்கே குறிப்பதை நோக்கி, எட்டோடு ஒரு சுற்று முடிந்து ஒன்பதில் புதுச்சுற்று தொடங்கியதோ என்றும் வினவுவர்.

நம் பக்கம் பாருங்கள். எண் என்னும் சொல் எட்டையும் குறிக்கும். எண்ணிக்கை முழுவதையும் குறிக்கும். ஒன்பது என்பதிலோ பத்தின் நிழல் விழுந்திருக்கிறது; அதற்குத் தொண்டு என்னும் பழம்பெயரும் இருந்தது. நம் முன்னோரும் ஒருகாலத்தில் எட்டோடு ஒரு சுற்றை முடித்தனரோ எனக் கருதுவோர் உண்டு. ஆழாக்கு எட்டு கொண்டது படி. நாழி எட்டு கொண்டது குறுணி. நம் பாட்டிமார் நெல் அளந்தபோது எட்டுக்கு எட்டாகவே ஏறினர். இவை கருதுகோள்களே; ஒட்டெயும் ஒக்டோவும் உறவு என்பதைப் போல் உறுதிப்பட்ட முடிபுகள் அல்ல. ஆயினும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

வடகடல் ஓரத்தில் வலை உலர்த்திய ஒருவனும், தென்கடல் ஓரத்தில் மீனைப் பங்கிட்ட ஒருவனும், ஒருவரையொருவர் அறியாமலே, கட்டைவிரலை மடக்கி நான்கு நான்காக எண்ணியிருக்கக் கூடும். அவர்கள் சொல் வேறு, கை ஒன்று. தமிழ் தாய், டேனியம் சேய் என்று கூறுவதைவிட, இருவரும் தத்தம் விரலை நம்பித் தத்தம் சொல்லைப் படைத்துக்கொண்ட இரு குடிகள் என்று கூறுவது எனக்கு நிறைவு தருகிறது.

நிறைவாக

தரங்கம்பாடி விடுதியில் அன்றிரவு தாள் நிரம்பியதும் அம்மாணவி சற்று வாடிப்போனாள். ''அப்போ நம்மது இல்லையாம்மா?'' என்றாள். ''எட்டு நம்முடையதுதான் அம்மா; அதை யாரும் எடுத்துச் செல்லவுமில்லை; நாம் யாரிடமிருந்தும் வாங்கவுமில்லை'' என்றேன். அவள் முகம் தெளிந்தது. இன்று அவள் மொழியியலில் முதுகலை பயில்கிறாள். என்னிடம் பயின்று, 'எய்ட்' நம் எட்டு என்று தம் மாணவர்க்குச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களும் உளர் என்பதே எனக்குள்ள வருத்தம். அவர்களுக்கும் இம்மலர் வழியே இவ்வுரை சென்று சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி கேட்ட பெரியவர் இன்றும் மூன்றாம் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். ஐயா, பத்தாண்டுகளுக்கு முன் தங்கள் வினாவுக்கு நான் விடை கூறவில்லை, வாயை அடைத்தேன். அதற்காகத் தங்களிடமும் இவ்வவையிடமும் மன்னிப்புக் கோருகிறேன். எண்பதில் எட்டு இல்லை. எட்டுக்குள்தான் எண் மறைந்திருக்கிறது. துணியின் ஓரத்தைப் பிரித்து உள்தையலைப் பார்ப்பவர்போல் தாங்கள் சொல்லின் உள்தையலைப் பார்த்தீர்கள். படித்த நான் மேல்துணியின் வண்ணத்தைப் பார்த்தேன்.

மேடையில் இருப்பவர் கூறியதை அவையில் இருப்பவர் வினவும் வழக்கம் இவ்வட்டத்தின் முதலாண்டிலேயே தொடங்கிவிட்டது. பத்தாண்டின் சாதனையாக வேறெதைச் சொல்லாவிடினும் இதைச் சொல்லலாம். அவ்வழக்கம் தொடர்க. என் இன்றைய உரையிலும் பிரித்துப் பார்க்க வேண்டிய தையல் இருப்பின், பத்தாண்டு காத்திராமல் இப்போதே எழுந்து கேளுங்கள்.